கொட்டாமல் வைத்த தண்ணீர்

மீன் பிழைத்துக்கொண்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை சொல்லாமல் வைத்திருந்து படிப்பவர்களைத் தவிக்கவிடுகிற வேலை எனக்குப் பிடிக்காது. அந்த வெள்ளிக்கிழமை நான் தவித்ததே போதும். இப்போது இதை எழுதும்போதுகூட அது தொட்டியின் இடது மூலையில், மோட்டார் குமிழி விடுகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கிறது. என்னைப் பார்த்தால் கண்ணாடிக்குப் பக்கத்தில் வரும். தீனி கேட்டுத்தான் வருகிறது, பாசத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வருகிறதே.

எனக்குக் கல்யாணம் ஆனது முப்பத்தொன்பது வயதில். ஏன் அவ்வளவு தாமதம் என்று கேட்பவர்களுக்கு எப்போதும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: மழை பெய்யவில்லை. பசுவந்தனைப் பக்கம் அது போதுமான பதில். கரிசலில் மானாவாரி விவசாயம் பார்க்கிறவன் வீட்டில் நாலு வருடம் சேர்ந்தாற்போல் மழை ஏமாற்றினால் எந்த நல்ல காரியமும் தள்ளித்தான் போகும். தள்ளிப் போனதில் நான் தையல் கற்றுக்கொண்டேன், வாய் கற்றுக்கொண்டேன். கடைசியில் கோவில்பட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு மணியாச்சி ஜங்ஷனில் ரயில்வே வேலை. மனைவி இறந்து ஒன்றரை வருடம். பிளஸ் ஒன் படிக்கிற ஒரு மகள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்த மீன்தொட்டிதான். முன் அறையில், சுவரை ஒட்டி, இரும்பு ஸ்டாண்டின் மேல் இருந்தது. எட்டுக் குடம் பிடிக்கும் என்று பார்த்த பார்வையிலேயே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பெண்கள் எதையும் குடக் கணக்கில்தான் அளப்போம். குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் பிறந்தவளுக்கு, எட்டுக் குடம் தண்ணீரைச் சும்மா வேடிக்கை பார்க்க வைத்திருக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறோமே என்று திக்கென்றது. மீனை நான் அதுவரை குழம்புச் சட்டியில்தான் பார்த்திருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

தொட்டியில் அப்போது மூன்று வகை இருந்தன. கறுப்பு மோலி ஐந்து. சதா எதையாவது கொறித்துக்கொண்டே அலையும். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைத் தின்கிற சக்கர் ஒன்று. அது இருக்கிறதா இல்லையா என்றே சில நாள் தெரியாது. பிறகு அந்த ஏஞ்சல். உள்ளங்கை அகலம், தட்டையான வெள்ளி உடம்பு, அதில் மூன்று கறுப்புப் பட்டை, மேலும் கீழும் நீண்டு தொங்குகிற துடுப்பு. மற்றவை ஓடும். அது நிற்கும். இறந்துபோன அந்த அம்மா வாங்கி விட்ட மீன் அது. இரண்டு வாங்கினார்களாம். ஒன்று மிச்சம். இன்னொன்றுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளை என்னை முதல் நாளிலிருந்தே சித்தி என்றுதான் கூப்பிட்டாள். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்த ஒரு பெண்ணிடம் பேசுகிற மரியாதை. நான் சமைத்ததைச் சாப்பிட்டாள், நான் தைத்ததைப் போட்டுக்கொண்டாள். ஒரு நாளும் எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். சண்டை போடத் தெரிந்த எனக்குச் சண்டைக்கே ஆள் கிடைக்காத வீடு அது. இரண்டு வருடத்தில் அவள் என்னிடம் இதைச் செய்து கொடுங்கள் என்று ஒன்றுகூடக் கேட்டதில்லை.

பிளஸ் டூ முடிந்து கோயம்புத்தூரில் நர்சிங் சேர்ந்தாள். கார்த்திகை மாதம் ஹாஸ்டலுக்குக் கிளம்புகிற அன்று என்னைத் தொட்டிக்கு முன்னால் நிறுத்திப் பாடம் எடுத்தாள்.

“தீனி ரெண்டு நேரந்தான். விரலால கிள்ளுத அளவு போதும். மோட்டார நிப்பாட்டக் கூடாது. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ரெண்டு கொடம் எடுத்துக் கொட்டிட்டு ரெண்டு கொடம் நல்ல தண்ணி ஊத்தணும். அந்த நல்ல தண்ணிய முந்துன நாளே பிடிச்சு வாளில வச்சிருங்க.”

தலையை ஆட்டினேன். பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். “ஏஞ்சல மட்டும் பாத்துக்கோங்க சித்தி. மத்தது போனாக்கூடப் பரவால்ல.”

அதுதான் அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம். ஆட்டோ தெருமுனை தாண்டும் வரை வாசலில் நின்றேன். என்ன ஆனாலும் சரி, இந்த மீனை இவள் கையில் உயிரோடு ஒப்படைத்துவிட வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. தண்ணீர் மொள்ளுகிற மக்கை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன். கை வரவில்லை.

எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வரும். பத்து நாள் ஆவதும் உண்டு. குடிக்க, சோறு பொங்க, பருப்பு வேக மட்டும்தான் நல்ல தண்ணீர். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். அது வாயில் வைக்க முடியாத உப்பு. இது எங்கள் வீட்டுச் சட்டம் மட்டுமில்லை, இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டுச் சட்டமும் இதுதான். அப்படியிருக்கையில், கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிற இரண்டு குடம் தண்ணீரை எடுத்துச் சாக்கடையில் கொட்டிவிட்டு, குடிக்கிற தண்ணீரைக் கொண்டுவந்து மீனுக்கு ஊற்று என்றால்? அழுக்குத் தண்ணீராக இருந்தாலாவது மனசு வரும். அதில் ஒரு தூசி கிடையாது. குனிந்து முகம் பார்க்கலாம்.

தொட்டியில் தண்ணீர் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. குறைந்ததை மட்டும் போர் தண்ணீரால் நிரப்பினேன். மீன்கள் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டாள். அவளுக்கு மீனைப் பார்க்க வேண்டும். போனைத் தொட்டிக்கு நேராகப் பிடித்தேன்.

“தண்ணி மாத்திட்டீங்களா சித்தி?”

“மாத்தியாச்சு,” என்றேன்.

பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை என்று சொன்னால் அதுவே ஒரு பொய். ஆனால் இந்தப் பொய் கொஞ்சம் உறுத்தியது. அடுத்த வாரம் உறுத்தல் பாதியானது. தை பிறப்பதற்குள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் “மாத்தியாச்சு” சொல்வது காபி போடுவதைப் போல ஒரு வேலையாகிவிட்டது. பொங்கலுக்குப் பரீட்சை என்று அவள் வரவில்லை. மாசி போய்ப் பங்குனி வெயில் ஏறியதும் தண்ணீர் வேகமாக வற்றியது. வாரத்துக்கு ஒரு குடத்துக்கு மேல் ஊற்ற வேண்டியிருந்தது. நான் அதையெல்லாம் வாய் பேசாமல் செய்தேன். சிக்கனமாகவும் இருந்து கடமையும் செய்கிறோம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

சித்திரையில் லீவுக்கு வருகிறாள் என்று தெரிந்ததும் ஓர் ஆசை வந்தது. அவள் வந்து கதவைத் திறக்கும்போது தொட்டி நிறைய மீன் இருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற சாலையில் கலர்மீன் கடை வைத்திருக்கிற பாய் தம்பியிடம் போனேன். வயது முப்பது இருக்கும். சின்னதாகப் பளபளவென்று எது இருக்கிறது என்று கேட்டு எட்டு நியான் மீன் வாங்கினேன். நீலக் கோடும் சிவப்புக் கோடுமாக, குண்டூசிக்கு வண்ணம் பூசியது போல அழகு. மறுநாள் காலையில் மூன்று மிதந்தன. அதற்கு மறுநாள் மிச்சம் ஐந்தும் மிதந்தன.

ஏஞ்சலைப் பார்த்தேன். அது வழக்கம்போல மூலையில் நின்றது. எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது.

சரி, சின்ன மீன் ஆகாது போல, கொஞ்சம் முரட்டு மீனாக விடுவோம் என்று அதே கடையில் டைகர் பார்ப் நான்கு வாங்கி வந்தேன். மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை. விட்ட பத்து நிமிடத்தில் அவை ஏஞ்சலின் தொங்குகிற துடுப்பைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தன. அது தொட்டி முழுக்க ஓடியது. அது ஓடி நான் பார்த்ததே இல்லை. ஸ்கேலால் கண்ணாடியைத் தட்டித் தட்டி விரட்டிக்கொண்டிருந்தேன். அந்த நான்கும் மூன்றாம் நாளுக்குள் ஒவ்வொன்றாகச் செத்தன. ஏஞ்சலின் துடுப்பு ஓரம் கிழிந்து தொங்கியது. ஆனால் அது உயிரோடு இருந்தது.

அப்படியானால் கொலைகாரி இவள்தான் என்று முடிவு கட்டினேன். தீனி போடும்போதெல்லாம் அதைத் திட்டினேன். “வெளிய பாத்தா சாமி மாதிரி நிக்குத. செய்யுத வேலையப் பாரு.” என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, “ஏட்டி, அது வாயில்லாப் பிராணி,” என்றார். “வாயில்லாமத்தான் இத்தனையக் கொன்னுச்சா?” என்று அவரையும் ஒரு பிடி பிடித்தேன்.

அவள் வருவதற்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை, கடைக்குப் போய்ச் சண்டையைத் தொடங்கினேன்.

“தம்பி, நீங்க விக்குதது மீனா, மெழுகு பொம்மையா? ரெண்டு தடவ வாங்கியாச்சு. ஒண்ணுகூட நாலு நாள் தாண்டல.”

அவர் நிதானமாகக் கேட்டார். “தொட்டில வேற என்ன மீனு கெடக்கு அக்கா?”

“ஒரு ஏஞ்சல், அஞ்சு மோலி, ஒரு சக்கர்.”

“ஏஞ்சல் இருக்குத தொட்டிலயா நியானயும் பார்ப்பயும் விட்டீங்க? வாயில நொழையுத மீன ஏஞ்சல் விடாது. தொங்குத துடுப்பக் கண்டா பார்ப் விடாது. இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?”

“நீங்க கேட்டீங்களா?”

“கேக்கலதான்,” என்று ஒப்புக்கொண்டார். அங்கேயே நான் சமாதானமாகியிருக்கலாம். “ஆனா தம்பி, தின்னுச்சுன்னா மிச்சம் இருக்காதுல்லா? எல்லாம் முழுசா மெதந்துச்சே,” என்றேன்.

அவர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். “முழுசாவா? தண்ணி எப்பக்கா மாத்துனீங்க?”

“மாத்தவா? கொறையக் கொறைய ஊத்துதேன்.”

“என்ன தண்ணி?”

“போர் தண்ணி. பின்ன, குடிக்குத தண்ணியவா ஊத்துவாங்க?”

“எத்தன மாசமா?”

“கார்த்திகையில இருந்து.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார். “தூத்துக்குடி போற வழியில உப்பளம் பாத்திருக்கீங்கள்லா? அங்கன என்ன செய்யுதாவ? பாத்தில தண்ணிய விடுதாவ. தண்ணிய வெயில் கொண்டுட்டுப் போயிரும். உப்பு அங்கனதான் கெடக்கும். மறுபடி தண்ணிய விடுதாவ. நீங்க வீட்டுக்குள்ள அதத்தான் அக்கா செஞ்சிருக்கீங்க.”

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். எனக்கு முகம் சுட்டது. “அப்ப எங்க ஏஞ்சலு எப்பிடி உசுரோட இருக்கு?”

“கொஞ்சங் கொஞ்சமால்லா உப்பு ஏறியிருக்கு. பழகிட்டு. மோலிக்கு உப்பு ஆகும், அது பாட்டுக்குத் திரியும். ஏஞ்சலு பாவம், சகிச்சுக்கிட்டுக் கெடக்கு. புதுசா வாரதால ஒரே நாள்ல அதத் தாங்க முடியாது.”

சகித்துக்கொண்டு கிடக்கிறது என்ற சொல்தான் என்னைக் குத்தியது. மூலையில் சும்மா நிற்கிறது என்று நான் நினைத்தது அதுதானா? போதாததற்கு அதைக் கொலைகாரி என்று வேறு திட்டியிருக்கிறேன். அவர் மேலே ஏதோ சொல்ல வந்தார். நான் விறுவிறுவென்று கடையை விட்டு இறங்கினேன். “அக்கா, முழுசாக் கேட்டுட்டுப் போங்க,” என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. விழுந்தும் திரும்பவில்லை. தப்பு செய்தவள் என்று தெரிந்த இடத்தில் ஒரு நிமிடம்கூட என்னால் நிற்க முடியாது. இது என் குணம். அன்றைக்கு இந்தக் குணம் ஒரு மீனைக் கொல்லப் பார்த்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் பைப்பில் நல்ல தண்ணீர் வந்தது. வீட்டுக்காரர் பாசஞ்சரைப் பிடிக்கக் கிளம்பியாயிற்று. நான் முந்தானையைச் சொருகிக்கொண்டு தொட்டியிலிருந்து மக்கு மக்காக மொண்டு நான்கு குடம் தண்ணீரை எடுத்தேன். பாதித் தொட்டி காலி. பைப்பிலிருந்து அப்போதுதான் பிடித்த நல்ல தண்ணீரை நான்கு குடம் கொண்டுவந்து ஊற்றினேன். எங்களுக்கு நான்கு நாள் குடிக்கிற தண்ணீர் அது. செய்த பாவத்துக்கு இது பரிகாரம் என்று மனசார ஊற்றினேன். குடித்து ஆறட்டும், அதன் வயிறு குளிரட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு பிளவுஸுக்குக் கை இணைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தால், ஏஞ்சல் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். அடியில் மணலோடு மணலாகப் படுத்துக் கிடந்தது. நின்றே பழகிய மீன் அது. மோலிகள்கூட ஒரு மூலையில் ஒடுங்கி நின்றன.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

“செவுளு அசையுதா?” என்றார்.

“அசையுது.”

“அப்ப அழாத. மீன் கடைக்குப் போ.”

“நான் ஒண்ணும் அழல.”

“சரி, அழாமப் போ.”

ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போய் இறங்கினால் கடை பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை. அது எனக்குத் தெரியாத விஷயமில்லை, பதற்றத்தில் மறந்துவிட்டேன். போன் அடித்தால் எடுக்கவில்லை. தொழுகையில் யார் போன் எடுப்பார்கள்? பக்கத்துக் கடலைமிட்டாய்க் கடையின் படியில் ஓரமாக உட்கார்ந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளேயிருந்து வெல்லப்பாகு வாசம் வந்துகொண்டிருந்தது.

அந்த முக்கால் மணி நேரத்தை நான் மறக்கமாட்டேன். பதினோரு நாள் கழித்து அவள் வருவாள். காலியான மூலையைப் பார்ப்பாள். என்னை ஒன்றும் கேட்கமாட்டாள். அதுதான் எனக்குப் பயம். “பரவால்ல சித்தி,” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் என்னிடம் எதையும் கேட்கமாட்டாள். அம்மா வாங்கி விட்ட மீனை வந்தவள் கொன்றுவிட்டாள் என்று ஊர் பேசும். பேசினால் பேசட்டும், ஊரோடு நான் மல்லுக்கு நிற்பேன். அந்தப் பிள்ளையோடு எப்படி நிற்பது? பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, பிழைத்துக்கொள் என்று அந்த மீனிடம் கெஞ்சினேன். தண்ணீரை மாற்றினோம் என்று பொய் சொன்னதற்கெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நீ மட்டும் பிழைத்துக்கொள் என்று பேரம் பேசினேன்.

அந்தத் தம்பி தலையில் தொப்பியோடே வந்தார். என்னைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

“மாத்திட்டீங்களா?”

“பாதி.”

“நேத்தே சொல்ல வந்தேன்லாக்கா. ஒரேயடியா மாத்தக் கூடாது. உப்புக்குப் பழகின மீனு, திடீர்னு நல்ல தண்ணியத் தாங்காது. பைப்புத் தண்ணிய அப்பிடியே விட்டீங்களா? அதுல குளோரின் மருந்துல்லா கலந்திருப்பாவ.” பூட்டைத் திறக்காமல் அப்படியே நின்றார். “இப்ப வேற வழியில்ல. மீனப் பழைய தண்ணிக்கே கொண்டு போகணும். அதுக்கு எங்க போக? எடுத்த தண்ணிய எங்க கொட்டுனீங்க?”

“கொட்டவா?” என்றேன். எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “நாலு கொடத்துலயும் புழக்கடைல இருக்கு. ஏனம் பாத்திரம் வெளக்க ஆகும்லா?”

அவர் என்னையே பார்த்தார். பிறகு நெஞ்சில் கை வைத்துச் சத்தமாகச் சிரித்துவிட்டார். “அல்லா! வேற யாரா இருந்தாலும் சாக்கடைல விட்டிருப்பாவ. போங்கக்கா, போங்க. பெரிய டப்புல அந்தப் பழைய தண்ணிய ஊத்துங்க. மோட்டார் டியூப்பத் தூக்கி அதுல போடுங்க. வலையப் போட்டு அள்ளாதீங்க, கிண்ணத்தால மொண்டு விடுங்க.” பூட்டைத் திறந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்துக் கொடுத்தார். “அந்தக் குளோரின் போக, தொட்டிக்கு இந்த மருந்துல நாலு சொட்டு.”

வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பை வாசலில் எங்கே விட்டேன் என்று தெரியாது. துணி நனைக்கிற டப்பைக் கழுவி, புழக்கடையில் வரிசையாக நின்ற குடங்களைத் தூக்கி வந்து ஊற்றினேன். கிண்ணத்தைத் தொட்டிக்குள் இறக்கினேன். ஏஞ்சல் விலகக்கூட இல்லை. பூ போல உள்ளே வந்து விழுந்தது. டப்பில் விட்டதும் ஒருக்களித்து மிதந்தது. செவுள் மட்டும் அசைந்தது. நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். தைக்க வேண்டிய துணி மேசையில் கிடந்தது கிடந்தபடி இருந்தது.

இரண்டு மணி சுமாருக்கு வாலை ஒருமுறை ஆட்டியது. மூன்று மணிக்கு முகத்தைத் தூக்கியது, மறுபடி சாய்ந்தது. நான்கு மணி தாண்டியிருக்கும். டியூப்பிலிருந்து குமிழி வருகிற இடத்துக்கு மெல்ல நகர்ந்துபோய், ஒரு குலுக்குக் குலுக்கி, நிமிர்ந்து நின்றது. ஓரம் கிழிந்த அந்தத் துடுப்போடு, கோயில் தேர் நிற்பதுபோல நேராக நின்றது. அப்போதுதான் நான் அழுதேன். நன்றாகவே அழுதேன். பார்க்க ஆள் இல்லாததால் மூக்கைச் சிந்திக்கொண்டு திருப்தியாக அழுதேன்.

சாயங்கால வண்டியில் வந்த வீட்டுக்காரர் சட்டையைக்கூடக் கழற்றாமல் டப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன், ஐந்து மாதப் பொய்யையும் சேர்த்து. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டப்பை எட்டிப் பார்த்துக்கொண்டே, “அவ அம்மா போன பெறகு, அந்தப் பிள்ள மூணு மாசம் இது முன்னால உக்காந்துதான் சாப்பிட்டா,” என்றார். இதை நீங்கள் முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்க வாயெடுத்தேன். நானும்தான் ஒரு வார்த்தை கேட்டதில்லையே என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தத் தம்பி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் முழுதாகக் கேட்டேன். தினமும் காலையில் டப்பிலிருந்து இரண்டு மக்கு எடுக்க வேண்டும். முந்தின நாள் பிடித்து வைத்த நல்ல தண்ணீர் இரண்டு மக்கு விட வேண்டும். எடுத்த உப்புத் தண்ணீரை என்ன செய்வது என்று யோசித்தேன். வாசல் தெளித்தேன். அப்படிச் செய்ததும் கொட்டுகிறோம் என்ற உறுத்தல் போய்விட்டது. இதை ஐந்து மாதத்துக்கு முன்னால் யோசித்திருந்தால் என்ன என்று தினமும் காலையில் என்னையே திட்டிக்கொண்டு தெளித்தேன். ஒன்பதாம் நாள் ஏஞ்சலைத் தொட்டிக்கே மாற்றினேன். அது பழைய மூலைக்குப் போய் நின்றது. மோலிகள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போயின.

இடையில் வந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் அவள் கூப்பிட்டாள். நல்ல வேளை, இரண்டு தடவையும் வீட்டுக்காரர் எடுத்து, சித்தி கடைக்குப் போயிருக்கிறாள் என்றார். அந்தப் பொய் அவர் கணக்கு.

சித்திரை வெயிலில் ஒரு காலை, ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு சாப்பாட்டுப் பை. செருப்பைக் கழற்றியதும் நேராகத் தொட்டிக்குத்தான் போனாள். ஏஞ்சல் கண்ணாடிக்கு அருகில் வந்தது. அவள் குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டித் தொட்டியின் மேல்விளிம்பை ஒட்டிக் கண்ணாடியைச் சுரண்டினாள். தண்ணீர் வற்றி வற்றி அங்கே வெள்ளையாக ஒரு உப்புக் கோடு தடித்திருந்தது. அதைத் துடைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மீனுக்குக் கொடுத்த வாக்கு நினைவு வந்தது. “நான் தண்ணி மாத்தலட்டி,” என்றேன். “ஒரு தடவகூட மாத்தல. ஒங்கிட்டச் சொன்னது பூரா பொய்.” வெள்ளிக்கிழமை நடந்ததையும் சொன்னேன். டப்பு, குடம், கடை வாசல் எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, அந்த மரியாதையான “பரவால்ல சித்தி”க்காகக் காத்திருந்தேன்.

“தெரியும் சித்தி,” என்றாள்.

“என்ன தெரியும்?”

“வீடியோல தெரியும்லா. நீங்க மாத்தியாச்சும்பீங்க. மீனக் காட்டுத ஒங்க கைக்குப் பின்னால இந்தக் கோடு வாரா வாரம் தடிச்சுக்கிட்டே போகும்.”

“பெறகு ஏன் கேக்கல? அதுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா?”

அவள் விரலில் ஒட்டிய உப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“பயமாத்தான் இருந்துச்சு. வந்து கொஞ்சங் கொஞ்சமா சரி பண்ணிக்கிடலாம்னு நெனச்சேன். எங்கம்மாவும் இப்பிடித்தான் சித்தி. ஒரு சொட்டுக் கொட்ட மாட்டா. போர் தண்ணியத்தான் ஊத்துவா. நான் கேட்டா, மாத்தியாச்சுட்டிம்பா. இன்னொரு ஏஞ்சலு அப்பிடித்தான் செத்துச்சு. அன்னைக்கு எங்கம்மாவோட பெரிய சண்ட போட்டேன்.” ஏஞ்சலைப் பார்த்தாள். “நீங்க ஞாயித்துக்கெழம மாத்தியாச்சுன்னு சொல்லும்போது, வீட்டுல பேசுத மாதிரியே இருந்துச்சு. அதான் கேக்கல.”

முந்தானை நுனியால் அந்த உப்புக் கோட்டைத் துடைக்கப் போனேன், பாதியில் விட்டுவிட்டேன்.

அவள் சாப்பாட்டுப் பையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு பிளாஸ்டிக் பையை வெளியே எடுத்தாள். உள்ளே ஒரு ஏஞ்சல். பாதி வளர்ந்தது. ராத்திரி முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்திருக்கிறாள். அதை என்னிடம் நீட்டினாள்.

“நீங்க விடுங்க சித்தி. எப்பிடி விடணும்னு இப்ப என்னவிட ஒங்களுக்குத்தான தெரியும்?”

பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, கால் மணிக்கு ஒரு டம்ளராகத் தொட்டித் தண்ணீரை அதில் சேர்த்துக்கொண்டே வந்தேன். காலை முழுக்க அதுதான் வேலை. அவள் இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு வந்து தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பதினோரு மணிக்குப் புது மீனைக் கிண்ணத்தில் மொண்டு தொட்டிக்குள் விட்டேன். பழையது மூலையிலிருந்து வந்தது. ஒருமுறை சுற்றியது. ஒருமுறை முட்டியது. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பிறகு அது திரும்பித் தன் மூலைக்கே போய் நின்றது. சின்னது எதிர் மூலையில் நின்றது.

என் கையில் பை இருந்தது. அதில் இரண்டு டம்ளர் தண்ணீர் மிச்சம். கடைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்க்கக் கூடாது என்று அந்தத் தம்பி சொல்லியிருக்கிறார். நான் பையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

“கொட்டுங்க சித்தி,” என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

புழக்கடைக்குப் போய் முருங்கைத் தூரில் ஊற்றிவிட்டு வந்தேன். “கொட்டியாச்சு,” என்றேன்.

“பொய்,” என்றாள். “முருங்கைக்குத்தான ஊத்துனீங்க?” என்று தட்டைத் தள்ளி வைத்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டாள்.